சோதனைச் சீட்டோடு அனுப்பிவிடாமல்: நீரிழிவு வருமுன் மருத்துவப் பணியாளர் செய்யக்கூடியவை

மொரீசியஸில், குவாத்ர்போர்ன் பக்கத்துச் சமூக நலவாழ்வு மையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ள வருகிறவர்களில் பலருக்கு அளவு கூடுதலாக இருக்கிறது, ஆனால் நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மருத்துவர் 'சீனியைக் குறையுங்கள், நடங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர்கள் நீரிழிவோடு திரும்பி வருகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்களால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?"

உண்டு. அதுவும் மருத்துவரைவிட உங்களைப் போன்றவர்களால்தான் கூடுதலாகச் செய்ய முடியும். இத்தீவின் நலவாழ்வு மையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உணவு ஆலோசகராக இருந்தவன் நான். மருத்துவர் சொல்லும் அந்த இரண்டு வரியில் பிழை எதுவும் இல்லை. அது ஒரே ஒரு முறை சொல்லப்படுவதும், சொன்னபின் அந்த மனிதரை யாரும் திரும்ப அழைக்காததும்தான் குறை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

வாழ்க்கை முறையை மாற்றினால் இரண்டாம் வகை நீரிழிவைத் தள்ளிப்போடலாம், பலருக்கு வராமலே தடுக்கலாம் என்பதில் இன்று ஐயம் இல்லை. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வும், 2001இல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வும், 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வும் இதை அடுத்தடுத்து நிறுவின. பின்னிரண்டு ஆய்வுகளிலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. இந்த 58ஐ மேடைதோறும் சொல்கிறார்கள். அது எப்படிக் கிடைத்தது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பது போன்ற உடலுழைப்பும் இலக்குகளாகத் தரப்பட்டன. அந்த இலக்குகளை எட்டுவதற்காக முதல் 24 வாரங்களில் மட்டும் 16 அமர்வுகள் நடத்தப்பட்டன. அதாவது ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஃபின்லாந்து ஆய்வில் எடை, கொழுப்பு, நார்ச்சத்து, உடலுழைப்பு பற்றி ஐந்து இலக்குகள் இருந்தன. அவற்றில் நான்கையோ ஐந்தையுமோ எட்டியவர்களில் ஒருவருக்கும் அந்த ஆய்வுக் காலத்தில் நீரிழிவு வரவில்லை.

நமக்கு இவற்றைவிட நெருக்கமானது, சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் அது 39 ஆக இருந்தது. இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் செய்தி வேறொன்று: ஆலோசனை பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் நீரிழிவு குறைந்தது. அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். இடையில் மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்கள், அவ்வளவுதான். அதே குழுவினர் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது. ஆகவே பெரிய செலவோ பெரிய கட்டடமோ வேண்டியதில்லை. ஒருவர் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே நம் தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தமிழ் வீடுகளில் "இது நம் இரத்தத்திலேயே இருக்கிறது, அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தான் செய்யும்" என்ற பேச்சை நீங்கள் அன்றாடம் கேட்டிருப்பீர்கள். 1987இல் ஆஸ்திரேலியாவின் பால் ஜிம்மெட் முதலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் சுகாதார அமைச்சகம் நடத்திய முதல் பெரிய கணக்கெடுப்பில், இந்திய வம்சாவளியினர், கிரியோல் மக்கள், சீன வம்சாவளியினர் ஆகிய எல்லாரிடமும் நீரிழிவு ஏறத்தாழ ஒரே அளவில் மிகுந்து காணப்பட்டது. அப்போது வயது வந்தவர்களில் 100க்கு 13 பேரளவில் இருந்த நீரிழிவு, 2009இல் 21ஐத் தாண்டியது. ஒரே தலைமுறைக் காலத்தில் இரத்தம் மாறிவிடவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை; ஆனால் இந்தியா, சீனா, ஆப்பிரிக்கா என வேறு வேறு இடங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரே தீவில் ஒரே நோய் வருகிறது என்றால், அவர்கள் பகிர்ந்துகொள்ளும் கடையையும் அடுப்பையும் நாற்காலியையும் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை நோயாளிக்குச் சொல்லலாம். "விதி" என்று உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். முதல் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. நடமாடும் பரிசோதனை வண்டியில் விரல் குத்திப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் தாமாக வருகிறவர்களே வருகிறார்கள். நான் கண்ட வரையில் மிக எளிய வழி, உங்கள் மையத்தின் நீரிழிவு நாளில் காத்திருப்போர் கூடத்தைப் பார்ப்பது. எழுபது வயது அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் நாற்பது வயது மகன், அவருக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மகனின் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். உடல் எடைக் குறியீட்டிலும் நம்மவர்களுக்கு 25 வரை காத்திருக்கக் கூடாது. 23லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதே ஆசிய மக்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறுமாக இருக்கும் நம் ஊர் ஆண்களை எந்தப் பட்டியலும் "பருமன்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. அவர்களைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

இரண்டாவது, கருவுற்றிருந்தபோது சர்க்கரை கூடியிருந்த பெண்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். "போய்விட்டது" என்று எல்லாரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் பிற்காலத்தில் அவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிள்ளைப்பேறு ஆன 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை வேண்டும் என்பது விதி. கைக்குழந்தையோடு, தூக்கமில்லாமல், வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார எந்தத் தாய்க்கு முடியும்? ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் தவறாமல் வருவாள். அந்த அட்டையின் மூலையில் ஒரு குறி இட்டுவைத்து, தடுப்பூசி நாளன்றே தாயின் சோதனைக்கும் நேரம் குறித்துக்கொடுங்கள். முடிந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்து வரச் சொல்லுங்கள். நான் பார்த்த முயற்சிகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்தது வேறில்லை.

நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மனநோய்க்கான சில மருந்துகளை எடுப்பவர்கள், புகைப்பவர்கள், எபேனில் இரவு முழுவதும் தொலைபேசி மையத்தில் விழித்திருந்து வேலை செய்யும் இளைஞர்கள், உரக்கக் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் ஆகியோரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 11.1ஓ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை, குளுக்கோஸுக்குப் பின் 7.8 முதல் 11.0 வரை இருப்பதுதான் உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் எல்லை நிலை, அமெரிக்கர்கள் வெறும் வயிற்றில் 5.6லிருந்தே தொடங்குகிறார்கள், ஹெச்.பி.ஏ.1சியில் 5.7 முதல் 6.4 வரை என்கிறார்கள். இரண்டு எச்சரிக்கைகள். வெறும் வயிற்றுச் சோதனை சரியாக இருந்தும் உணவுக்குப் பின் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆகவே குடும்பத்தில் நோய் இருந்து வயிறும் பெருத்திருந்தால் வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். இரத்தசோகையோ, தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறோ உள்ளவர்களுக்கு ஹெச்.பி.ஏ.1சி பொய் சொல்லக்கூடும். விரல் குத்திய எண்ணை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவு கட்டவும் கூடாது, இல்லை என்று அனுப்பவும் கூடாது. அது ஆய்வகச் சோதனைக்கு அனுப்புவதற்கான காரணம் மட்டுமே.

எண் கையில் வந்தபின் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "கொஞ்சம் தியாபெத்", அதாவது கொஞ்சம் நீரிழிவு, என்ற சொல் நம்மிடையே புழங்குகிறது. அதைக் கேட்டவர்களில் ஒரு சாரார் "கொஞ்சம்தானே" என்று மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் நோய் வந்தேவிட்டது என்று சோர்ந்து, தெரு முனையில் யாரோ விற்கும் வேர்ப்பொடியைத் தேடிப் போகிறார்கள். நான் இப்படிச் சொல்வேன்: "உங்களைப் போல நூறு பேர் சென்னையில் இருந்தார்கள். சும்மா விட்டதில் மூன்று ஆண்டில் 55 பேருக்கு நீரிழிவு வந்தது. விடாமல் கவனித்துக்கொண்ட இன்னொரு நூறு பேரில் 39 பேருக்குத்தான் வந்தது. அந்தப் பதினாறு பேரில் நீங்கள் ஒருவராக இருக்க நாம் பார்ப்போம்." விழுக்காட்டைக் காட்டிலும் ஆட்களின் எண்ணிக்கை மனத்தில் நிற்கிறது. எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று பொய் சொல்லவும் வேண்டியிருப்பதில்லை.

பயமுறுத்துவதைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியின் தொடக்க ஆண்டுகளில், நான் இருந்த மையத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். நாற்பத்திரண்டு வயது, எல்லை நிலை. துண்டிக்கப்பட்ட கால்களின் படங்களை அவரிடம் காட்டி, "இப்படி ஆக வேண்டுமா?" என்று கேட்டேன். கடமையைச் செய்துவிட்டதாக நினைத்தேன். அவர் அதன்பின் வரவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, ஆறாத கால் புண்ணோடு வந்தார். "உங்களைப் பார்த்தால் என் காலைத்தான் பார்ப்பீர்கள் என்று பயந்தேன், ஐயா" என்றார். அந்தப் படங்களை அன்றே எடுத்துப் போட்டேன். படிக்காதவர்களும் சோம்பேறிகளும்தான் அறிவுரையைக் கேட்பதில்லை என்று மருத்துவத் துறையில் ஒரு நினைப்பு உண்டு. அவர் படித்தவர், உழைப்பாளி. வெட்கமும் பயமும் அவரை வெளியே நிறுத்தின.

ஆகவே முதல் சந்திப்பில் நீங்கள் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். "உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? யார் சாமான் வாங்குகிறார்கள்? இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது? எதை மாற்ற முடியும் என்று நீங்களே நினைக்கிறீர்கள்?" இந்த நான்கு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயாலேயே சொன்னால், அது உங்கள் காரணத்தைவிட நெடுநாள் நிற்கும். கிரியோலில் பேசுகிறவரோடு கிரியோலிலேயே பேசுங்கள். பிரெஞ்சு மருத்துவச் சொற்களை மேசையின் இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள்.

உணவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "சோற்றைக் குறையுங்கள்" என்பது நம் தீவில் பாதி உண்மை மட்டுமே. ஏனெனில் நாம் சோற்றை ஒரு வேளைதான் தின்கிறோம். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பால் சேர்த்த இனிப்புத் தேநீர். பத்து மணிக்குப் பணியிடத்தில் ரொட்டிக்குள் வைத்த மிளகாய் வடை, அதாவது காத்தோ பிமாங். நண்பகலில் ஒரு சோடி டோல்பூரியோ ஃபராட்டாவோ, அல்லது ஒரு தட்டு வறுத்த நூடுல்ஸ். நான்கு மணிக்கு மறுபடியும் ரொட்டியும் தேநீரும். இரவில் சோறு, பருப்பு, கறி. வெள்ளை மாவு நாளெல்லாம் வேறு வேறு உடையில் வருகிறது. நோயாளியிடம் "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, மாவும் அரிசியும் சேர்ந்தவற்றின் கீழ் அவரையே கோடு போடச் சொல்லுங்கள். தாமே எண்ணும்போது அவருக்கு வரும் வியப்பு, நாம் சொல்லி வருவதில்லை. அந்த ஐந்தாறு வேளைகளில் ஒன்றை மாற்றினால் போதும் என்று சொல்லி, எதை என்று அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பெரும்பாலானவர்கள் நான்கு மணி ரொட்டியைத்தான் விடுகிறார்கள். இரவுச் சோற்றை யாரும் விடுவதில்லை. அதை நான் கேட்பதும் இல்லை.

சீனிக்கு ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு எத்தனை கரண்டி என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். மாதத்துக்கு எத்தனை கிலோ வாங்குகிறீர்கள் என்றால் சமைப்பவர் உடனே சொல்லிவிடுவார். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 கிலோ என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 கிராம். நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. அந்த 33 கிராமோடு வெளியே குடிக்கும் ஒரு டப்பா குளிர்பானம் சேர்ந்தால், அதில் மட்டுமே 30 கிராமுக்கு மேல் இருக்கக்கூடும், 50ஐத் தாண்டிவிடுகிறோம். போர்ட் லூயிஸ் சந்தையில் அலூடா என்ற இனிப்புப் பால் பானத்தை ஒரு குவளை குடிப்பதற்கு நான் எதிரியல்ல, நானும் குடிப்பேன். நாள்தோறும் குடிக்கிறவரிடம் மட்டும் பேசுகிறேன். பழுப்புச் சீனி, கரும்புச்சாறு, தேன் ஆகியவை தீங்கற்றவை என்ற நம்பிக்கை, கரும்பு விளையும் தீவில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. இரத்தத்துக்கு அந்த நிற வேறுபாடு தெரியாது.

விட வேண்டியவற்றைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், கையில் இருப்பதை நினைவூட்டுங்கள். நம் முன்னோர் கொண்டுவந்த முருங்கைக்கீரை இங்கே 'ப்ரெட் முரூம்' ஆகி எல்லா இனத்தார் வீட்டிலும் வேகிறது. ரசம் 'ரசோன்' ஆகியிருக்கிறது. பருப்பு, பயறு, கீரை, பீர்க்கங்காய், கத்தரிக்காய், மீன் என்று ஏழை வீட்டிலும் எட்டும் பொருள்களால் தட்டில் பாதியை நிரப்பலாம். காவடித் திருநாளில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறும்போது எந்த உணவியலாளரும் திட்டமிட முடியாத அளவுக்குக் காய்கறி இருக்கிறது. சோற்றை மட்டும் ஒரு முறையோடு நிறுத்தி, கறிகளை முதலில் தின்னச் சொல்வேன். காய்கறியை முதலில் உண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காவடிக்கு முன் பத்து நாள் விரதமும், புரட்டாசியில் கோவிந்தன் மாதமும் பழக்கத்தை மாற்ற நல்ல வாய்ப்புகள். ஆனால் விரதம் என்ற பெயரில் இறைச்சி போய், அந்த இடத்தில் பொரித்த அப்பளமும் பாயசமும் உருளைக்கிழங்கும் குடியேறுவதைப் பார்க்கிறோம். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பாகற்காய், நம் கிரியோலில் மார்கோஸ், நல்ல காய்கறி. வாரம் இருமுறை சமைக்கட்டும். அதன் சாற்றைக் குடித்துவிட்டுச் சோதனைக்கு வராமல் இருப்பதுதான் ஆபத்து. வெந்தயமும் அப்படியே. நோயாளி சொல்லும் கைவைத்தியத்தைக் கேலி செய்தால் அவர் அடுத்த முறை சொல்லாமல் செய்வார். மாலையில் பியரும் ரம்மும், அவற்றோடு வரும் காஜாக் என்ற பொரித்த நொறுக்குத்தீனியும் பற்றி ஆண்களிடம் தனியாகக் கேளுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மையான விடை கிடைக்காது.

நடையைப் பற்றி நீண்ட உரை வேண்டாம். சாப்பிட்டபின் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிடுகிறது. உணவுக்குப் பின் நடக்கும்போது தசைகள் சர்க்கரையை உடனே எடுத்துக்கொள்வதால் இதற்குத் தனிப் பயனும் உண்டு. ஊருக்கு ஊர் நடைப்பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் தெரு நாய், இருட்டு, கரும்புத் தோட்டத்து ஆளில்லாச் சாலை, புடவையோடு ஓட வெட்கம் என்று பெண்கள் சொல்லும் காரணங்கள் சாக்குப்போக்கு அல்ல. இருவர் மூவராகச் சேர்த்துவிடுங்கள்; வீட்டுக்குள் நாற்காலியிலிருந்து பதினைந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிக்கொடுங்கள். எடை பற்றிப் பேசும்போது "குறைக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள்: 75 கிலோ உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்து கிலோவை ஒட்டியது. முப்பது கிலோ குறைக்க வேண்டும் என்று பயந்திருந்தவருக்கு அது கைக்கெட்டும் தூரம்.

சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். அமெரிக்க ஆய்வில் அது வாய்ப்பை 31 விழுக்காடு குறைத்தது; வாழ்க்கை முறை மாற்றம் செய்ததில் ஏறத்தாழ பாதி. மிகவும் பருத்தவர்கள், 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கருக்காலச் சர்க்கரை இருந்தவர்கள் ஆகியோருக்கு அதன் பயன் கூடுதல். சென்னையில் மாத்திரையையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்ததில் தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே இது மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. மாத்திரை எழுதியதும் எல்லாரும், மருத்துவர் உட்பட, நடையையும் உணவையும் மறந்துவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். அதை நினைவில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்க ஒரு குறிப்பேடு வேண்டும். கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நூறு பக்க நோட்டு போதும். பெயர், தொலைபேசி எண், சோதனை எண், இடுப்பு அளவு, அவர் தாமே தேர்ந்தெடுத்த ஒரு மாற்றம், அடுத்து அழைக்க வேண்டிய தேதி. இரண்டு வாரத்தில் முதல் அழைப்பு. பிறகு மாதம் ஒன்று. ஆறு மாதத்தில் நேரில். ஓராண்டில் ஆய்வகச் சோதனை. அழைப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "நான்கு மணி ரொட்டி என்ன ஆயிற்று?" என்று அவர் சொன்னதையே கேளுங்கள், பொதுவாக "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நலம்" என்ற விடைதான் வரும். ஒப்புதல் பெற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே சிறு செய்தி அனுப்பலாம். நோயாளிகளை ஒரே குழுவில் சேர்த்து ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கும்படி மட்டும் செய்யாதீர்கள். மாதத்துக்கு நாற்பது பேரை இப்படிக் கவனிக்க வாரத்தில் ஒரு பிற்பகல் போதும் என்பது என் கணக்கு. அந்தப் பிற்பகலை உங்களுக்கு ஒதுக்கித் தருமாறு பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது முதல் நெருக்கடியிலேயே போய்விடும்.

மையத்துக்கு வெளியேயும் உங்களுக்குக் குரல் உண்டு. 1987இல் நம் அரசு, மக்கள் பெரிதும் வாங்கிய சமையல் எண்ணெயில் பனையெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் சோயா எண்ணெய் இருக்கும்படி செய்தது. ஐந்தே ஆண்டில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. எந்த ஆலோசகரும் வீடு வீடாகப் போய் அதைச் சாதித்திருக்க முடியாது. சர்க்கரைப் பானங்களுக்கு 2013 முதல் வரி இருக்கிறது. இவை அமைச்சகத்தின் வேலை. ஆனால் உங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானம் சமைக்கும் அண்ணனோடு பேசுவது உங்களால் முடியும். ஒரு கோயிலில் பாயசத்தில் சீனியைக் கால்பங்கு குறைத்துப் பார்த்தோம். பரிமாறிய முந்நூறு பேரில் குறை சொன்னவர் ஒருவர்தான், அவர் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் குறை சொல்பவர்.

கடைசியாக, இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு எண் 7ஐத் தாண்டும். சென்னையில் கவனிக்கப்பட்டவர்களிலும் 100க்கு 39 பேருக்கு வந்தது என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் உங்கள் எதிரில் குற்றவாளிபோல் உட்கார்வார்கள். தாச்சிங் ஆய்வில் சேர்ந்தவர்களை 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கவனிக்கப்பட்டவர்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் 26 விழுக்காடு குறைவாக இருந்தன. "நீங்கள் நடந்த நடை வீண் போகவில்லை" என்று சொல்வதற்கு இந்தச் சான்று போதும். அன்றே அவரைக் கண், கால், சிறுநீரகச் சோதனைகளுக்கு எழுதி அனுப்புங்கள். அவர் எழுந்து போவதற்குமுன் அவருடைய பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.